புராஸ்டேட் புற்றுநோய்: எம்.ஆர்.ஐ. காட்டும் வழி

சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்த புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உள்ளதா என்றறிய, ஊசியால் திசுத் துணுக்குகளை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி நெடுங்காலமாக அல்ட்ராசவுண்ட் துணையுடன் செய்யப்பட்டுவந்தது. அந்தப் படத்தில் சுரப்பியின் எல்லை தெரியுமேயன்றிக் கட்டி பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது என்பதால், பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஏறத்தாழக் குத்துமதிப்பாகவே ஊசி செலுத்தப்பட்டது. காந்தப் புலத்தின் துணையால் மென்திசுக்களை வேறுபடுத்திக் காட்டும் எம்.ஆர்.ஐ., ஐயத்துக்குரிய இடத்தை முன்கூட்டியே சுட்டிவிடுகிறது. 500 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில், சிகிச்சை தேவைப்படக்கூடிய புற்றுநோய் பழைய முறையில் 26 விழுக்காட்டினரிடமும் புதிய முறையில் 38 விழுக்காட்டினரிடமும் கண்டறியப்பட்டது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, எம்.ஆர்.ஐ. எடுக்க ஒதுக்கப்பட்டோரில் 28 விழுக்காட்டினர் ஊசியே இன்றித் தப்பினர் என்பது.

புற்றுநோய் கண்டறியப்பட்டபின் அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையில் சிக்கல் வேறு. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் நிரம்புவதற்கேற்பச் சுரப்பி சிகிச்சையின்போதே சற்று இடம்பெயர்வதால், சுற்றியுள்ள நலமான திசுவிலும் ஒரு விளிம்பைச் சேர்த்தே கதிர் பாய்ச்ச வேண்டியுள்ளது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த மிராஜ் ஆய்வில், கதிர்க்கருவியுடன் இணைந்த எம்.ஆர்.ஐ. அசைவை உடனுக்குடன் காட்டியதால் அவ்விளிம்பு 4 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. குறிப்பிடத்தக்க தொடக்ககாலச் சிறுநீர்த் தொந்தரவுகள் ஒப்பீட்டுக்கான சி.டி. ஸ்கேன் வழிகாட்டலில் 43 விழுக்காட்டினருக்கும் எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் 24 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன.