அழிந்த பிராணிகளும் அலமாரிப் பொம்மைகளும்

"இந்த வயதில் பொம்மையா?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். என் அலமாரியில் வரிசையாக நிற்கும் டினோஸர்களைக் கண்டால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால், நேயர்களே, இவ்விளையாட்டைத் தொடங்கியவர்கள் குழந்தைகள் அல்லர், பண்டிதர்களே.

1854-ஆம் வருஷம் லண்டனை அடுத்த ஸிடன்ஹாமில் பளிங்கு மாளிகைத் தோட்டம் திறக்கப்பட்டது. வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி, பூண்டோடு அழிந்த பிராணிகளை முழு அளவில் சமைத்து அங்கே நிறுத்தினார். அவற்றின் சிறு பிரதிகள் கல்விக்கென்று விற்கவும்பட்டன. இகுவானோடானுக்கு அவர் மூக்கின்மேல் ஒரு கொம்பு வைத்தார். 1878-ல் பெல்ஜியத்தில் பெர்னிஸார் சுரங்கத்திலே எலும்புக்கூடுகள் கூட்டமாக அகப்பட்டன. கொம்பு என்று கருதியது கட்டைவிரலின் முள் என்பது அப்போது ஐயமற விளங்கிற்று! சிலைகளோ இன்றும் மூக்குக் கொம்புடனேயே நிற்கின்றன.

நகைக்க எனக்கு உரிமையில்லை. சிறு வயதில் எனக்குக் கிடைத்த டைரனோஸாரஸ், கங்காருவைப்போல் நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நிற்பது. பல வருஷங்கள் அதையே வகுப்பில் காட்டிப் பாடம் சொன்னேன். ஒரு நாள் ஒரு பையன் எழுந்து, "ஸார், வாலை இழுத்து நடந்திருந்தால் அடிச்சுவட்டோடு வால் தடமும் இருக்க வேண்டாமா?" என்றான். பதில் சொல்ல இயலாமல் வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன். கல்லாகிப்போன அடிச்சுவடுகளில் வால் தடம் மிக அபூர்வம். உடல் தராசுக்கோல்போல் கிடையாக, வால் அந்தரத்தில் நின்றது என்பதே விஞ்ஞானிகளின் முடிவு.

பொம்மை செய்பவரின் சங்கடம் இங்கேதான். அப்படிச் செய்தால் இரண்டு கால்களில் நிற்காமல் குப்புற விழுகிறது. ஆகவே சிலர் பாதத்தைப் பெரிதாக்குகிறார்கள். சிலர் அடியில் பீடம் வைக்கிறார்கள். நம் கோடையில் கால் இளகிச் சாய்வதும் உண்டு. வெந்நீரில் சற்றே அமிழ்த்தி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் சரியாகும்.

வாங்குமுன் நான் பார்ப்பவை சில. உள்ளங்கைகள் கை தட்டுவதுபோல் ஒன்றையொன்று நோக்க வேண்டும். வெலாஸிராப்டருக்கு இறகு வேண்டும். அதன் முன்கை எலும்பில் இறகு பதிந்த முண்டுகளை 2007-ல் கண்டார்கள். உருவமும் ஏறக்குறைய வான்கோழியளவே. டினோஸர் பொட்டலத்தில் முதுகுப் பாயுடன் டைமெட்ரோடான் இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுவேன். முதல் டினோஸர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பே மறைந்த அது, பாலூட்டிகளாகிய நமக்கே நெருங்கிய உறவு.

பழைய டைரனோஸாரஸை நான் எறிந்துவிடவில்லை. வருஷந்தோறும் வகுப்புக்குக் கொண்டுபோய், "பிழை எங்கே?" என்று கேட்கிறேன். இவ்வருஷம் ஒரு சிறுமி, கைக்கு இரண்டு விரல்களே இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பதாகச் சொன்னாள். இத்தனை காலமும் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.