ஒரு சொட்டு வினிகர் போதும், புற்றுநோய் முளையிலேயே பிடிபடும்! குரோம்பேட்டை பெண்களே, தயக்கம் ஏன்?

ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் இருக்கிறதே, அது குரோம்பேட்டை ராதா நகரில் எந்த மளிகைக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். அந்தப் புளிப்புத் தண்ணீரை வைத்துத்தான் கர்ப்பப்பை வாய் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கிறார்கள்!

நம்ப முடியவில்லையா? இந்தச் சோதனை உயிரைக் காப்பாற்றும் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரான்சும் ஒட்டன்சத்திரமும்

பிரான்சு நாட்டில் லியோன் நகரத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துவிட்டு அங்கே போனவர் டாக்டர் சங்கரநாராயணன். அவருடைய குழுவும், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக சுகாதார மையமும், நம்ம அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் கைகோர்த்தன. பணம் வந்தது அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளையில் இருந்து.

2000-ம் ஆண்டு வேலை தொடங்கியது. ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரை உள்ள 49,311 பெண்களை சோதனைக்கு அழைத்தார்கள். சோதனை செய்தது பெரிய டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற நர்சுகள்! நீர்த்த வினிகர் திரவத்தைப் பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவினார்கள். ஒரு நிமிடம் பொறுத்தார்கள். கோளாறு இருந்தால் அந்த இடம் வெள்ளையாக மாறும். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே குளிர் சிகிச்சை கொடுத்து அந்தப் பகுதியை அழித்தார்கள்.

மீதிப் பாதி ஊர்களில் இந்தச் சோதனை இல்லை. வழக்கமான வைத்தியம்தான். 'அந்தப் பெண்களை அப்படி விட்டது சரியா?' என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

சாவு குறைந்தது

2007-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகை 'லான்செட்' முடிவை வெளியிட்டது. அழைத்த ஊர்களில் நோய் 25 சதவீதம் குறைவு. சாவு 35 சதவீதம் குறைவு. முப்பது வயதுக்காரர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

தடுப்பூசிக் கதை இன்னும் வினோதம். 2009-ல் இதே லியோன் நிலையம் இந்தியாவில் பல ஊர்களில் சிறுமிகளுக்கு ஊசி போட்டு ஆராய்ந்தது. அம்பிளிக்கையும் அதில் ஒன்று. வேறொரு ஊசித் திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் 2010-ல் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. பல ஆயிரம் சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், அந்த ஒரு ஊசியே நன்றாகக் காத்தது தெரிந்தது! 2022-ல் உலக சுகாதார நிறுவனம், இளம் பெண்களுக்கு ஒரு ஊசி போட்டாலும் போதும் என்று சொன்னது.

நம் ஊரில் என்ன நிலை?

திண்டுக்கல்லில் அழைத்த 100 பேரில் 64 பேர் வந்தார்கள். களை எடுக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்! ஆனால் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை. இந்த லட்சணத்தில், அகில இந்திய கணக்கைப் பார்த்தால் நாம் எவ்வளவோ மேல்!

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் பிடித்து தினமும் வேலைக்குப் போகிற அம்மாக்களைக் கேட்டால், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, எதுக்கு?" என்பார்கள். ஒண்ணும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனை! வெட்கமும் ஒரு காரணம். இது தாம்பத்திய உறவில் தொற்றுகிற வைரசால் வருவது. மணமான யாருக்கும் வரலாம். நடத்தைக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது வீண் பேச்சு.

30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சோதனை இலவசம். சில நிமிட வேலை. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ நாள் பார்க்க வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.