வளையணிலைப் படம் பிடித்தல்

ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பங்ஸடானி என்னும் சிற்றூரில் ஒரு விழா நடைபெறுகிறது. உயர்ந்த கருந்தொப்பி அணிந்தோர் கொழுத்த விலங்கொன்றைக் கைகளில் தூக்கிக் காட்டுவர். அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்பது நம்பிக்கை. 1887ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இவ்விழாவின் படத்தை நாளேடுகளில் நம்மவரும் கண்டிருப்பர். ஆயின், அப்படம் காட்டுவது மனிதர் கையில் அகப்பட்ட விலங்கையே அன்றி அதன் வாழ்வை அன்று. தன் இடத்தில், தன் இயல்பில் அதனைப் படம் பிடித்தல் வேறொரு கலை. அதன் நெறிகளை ஈண்டுக் காண்போம்.

பெயரும் பொருளும்

இவ்விலங்கின் ஆங்கிலப் பெயர் கிரவுண்ட்ஹாக். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நிலப்பன்றி ஆகிவிடும். இதுவோ பன்றியன்று, அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு, இமயமலையில் வாழும் மர்மோட்டுக்கு நெருங்கிய உறவு. உட்சக் என்னும் மற்றொரு பெயரைக் கேட்போர், அதன் முதற்பகுதி மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லென மயங்குவர். உண்மையில் அப்பெயர் வட அமெரிக்கப் பழங்குடியினரின் அல்கோன்கிய மொழிகளில் தோன்றி, ஆங்கிலேயர் நாவில் திரிந்ததாகும். மொழிபெயர்ப்போர் சொல்லை மட்டும் நோக்காது பொருளையும் நோக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. வளை தோண்டி வாழ்வதால் இதனை 'வளையணில்' என இக்கட்டுரையில் வழங்குவோம்.

வாழும் முறை

காடும் புல்வெளியும் கூடும் ஓரங்களே இதற்கு உகந்த இடம். இதன் வளைக்கு வாயில்கள் பல. தோண்டிய மண் குவிந்து கிடப்பது தலைவாயில்; புல்லில் மறைந்திருப்பவை தப்பும் வழிகள். கண், செவி, மூக்கு மூன்றும் தலையின் மேற்புறத்தை ஒட்டி அமைந்திருப்பதால், உடலை வெளிக்காட்டாமலே வெளியை நோட்டமிட இது வல்லது. ஐயம் தோன்றின் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும். கூரிய சீழ்க்கை ஒலி எழுப்பும். மறுகணம் வளைக்குள் மறையும்.

உணவைச் சேமித்து வைக்கும் வழக்கம் இதற்கில்லை. கோடையில் தின்று திரட்டிய கொழுப்பே குளிர்காலத்துக் கட்டுச்சோறு. குளிருறக்கத்தில் நிமிடத்திற்கு 80 அளவில் இருந்த இதயத்துடிப்பு 5 அளவுக்குக் குறையும். உடல் வெப்பமும் பெரிதும் தாழும். இவ்வுண்மையைப் படம் பிடிப்போர் மறத்தலாகாது. நாம் நெருங்கும் ஒவ்வொரு முறையும் அது உண்பதை விட்டு ஓடுகிறது. நாம் பெறுவது ஒரு படம். அது இழப்பதோ குளிரைக் கடக்க வேண்டிய உணவு.

படம் பிடிக்கும் முறை

காலையும் பிற்பகலின் இறுதியும் ஏற்ற வேளைகள். அது மேய வருவதும் அப்போதே, ஒளி சாய்ந்து மென்மையாக வீழ்வதும் அப்போதே. 400 மில்லிமீட்டர் அளவிலான தொலைவில்லை இருப்பின் நெருங்க வேண்டுவதில்லை. அது வெளிவரும் முன்னரே சென்று, காற்று வளையிலிருந்து நம்மை நோக்கி வீசும் திசையில் அமர்தல் வேண்டும். நின்று எடுத்தால் முதுகு மட்டுமே தெரியும். தரையில் படுத்து அதன் கண்மட்டத்தில் எடுத்தால் முகத்தின் குறிப்பும் விளங்கும். சாலையோரப் புல்வெளியாயின், நிறுத்திய காரே நல்ல மறைவிடம். மனித உருவைக் கண்டு அஞ்சுமளவு அது வண்டியைக் கண்டு அஞ்சுவதில்லை. அது மறைந்துவிட்டால் துரத்தாது பொறுத்திருப்பதே முறை. வளையைக் கிளறுதலும், தீனி காட்டி அழைத்தலும், குட்டிகள் உள்ள வளைவாயிலை மறித்தலும் தகா.

அதே பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் வேட்டைத் துப்பாக்கியை விடுத்துக் கேமராவைக் கையில் எடுத்தவர். நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1906ஆம் ஆண்டு ஜூலையில் அவருடைய 74 விலங்குப் படங்களை வெளியிட்டது. துப்பாக்கி கொண்டுவருவது உயிரற்ற உடலை. கேமரா கொண்டுவருவதோ உயிருள்ள காட்சியை. ஆயினும் விலங்கை அலைக்கழித்துப் பெறும் படம் வேட்டையின் வேறு வடிவமே ஆகும். நாம் எழுந்து சென்ற பின்னும் வளையணில் அஞ்சாது மேய்ந்துகொண்டிருக்குமாயின், அன்று எடுத்த படமே நல்ல படம்.