நாற்பது பிரசவம் பார்த்தால்தான் பட்டம்

பிரிட்டனில் மருத்துவச்சிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் மாணவியிடம் “படிப்பு எந்த மட்டில் இருக்கிறது?” என்று கேட்டால், பெரும்பாலும் தேர்வைப் பற்றிப் பேச மாட்டார். “இருபத்தேழு ஆகிவிட்டது, இன்னும் பதின்மூன்று பாக்கி” என்பது போல ஏதாவது சொல்வார். தன் கைகளில் பிறந்த குழந்தைகளைத்தான் எண்ணுகிறார்.

நாற்பது என்பது அங்குள்ள செவிலியர், மருத்துவச்சிகள் கவுன்சில் வைத்திருக்கும் கணக்கு. போதிய பிரசவம் கிடைக்காத இடங்களில் முப்பது வரை இறங்கலாம். அதற்கு ஈடாக இன்னும் இருபது பிரசவங்களில் கூடமாட இருந்திருக்க வேண்டும்.

பட்டப்படிப்பு மூன்று ஆண்டு, 4,600 மணி நேரம். அதில் பாதி வகுப்பறைக்கு. மறுபாதி பிரசவ வார்டுக்கும் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கும். கர்ப்பிணிகளுக்கு நூறு பரிசோதனை, பேறு முடிந்த தாய்மாரைக் கவனிப்பது, சிக்கல் உள்ளவர்களைப் பார்ப்பது என்று தனித்தனிக் கணக்குகளும் உண்டு. ஆனால் மாணவிகளின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த நாற்பதுதான். குழந்தை ஷிப்ட் பார்த்தா பிறக்கிறது? பன்னிரண்டு மணி நேரம் ஒரு பெண்ணின் இடுப்பைத் தடவிக் கொடுத்து, தண்ணீர் ஊட்டி, மூச்சை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு மாணவி வீட்டுக்குக் கிளம்புவார். அரை மணி நேரத்தில் அங்கே குழந்தை பிறந்துவிடும். அல்லது கடைசி நிமிடத்தில் சிசேரியன் ஆகிவிடும். பட்ட பாடெல்லாம் படிப்புதான். எண்ணிக்கை மட்டும் ஏறாது.

ஆனால் பார்த்துக் கற்கிற வித்தை, எண்ணிக்கையில் ஏறாத இந்த உழைப்பில்தான் இருக்கிறது. வயிற்றின் மேல் இரு கைகளையும் வைத்து, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம், தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லப் பழக வேண்டும். இத்தனை கருவிகள் வந்த பிறகும், பினார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த சிறு ஊதுகுழலை வயிற்றில் வைத்து இதயத்துடிப்பைக் கேட்கச் சொல்லித் தருகிறார்கள். தோள் சிக்கிக்கொள்வது, கால் முன்னே வருவது, நஞ்சு விழுந்தபின் நிற்காத உதிரப்போக்கு: இவற்றையெல்லாம் பொம்மைகளை வைத்து மறுபடி மறுபடி ஒத்திகை பார்க்கிறார்கள். நிஜத்தில் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது.

இவ்வளவு கறார் எதற்கு? அங்கே மருத்துவச்சி, டாக்டருக்குக் கை கொடுக்கும் உதவியாளர் அல்ல. சிக்கல் இல்லாத பிரசவத்தை அவரே முழுப் பொறுப்பேற்று நடத்தலாம். நர்சிங் படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. டாக்டர், மருத்துவச்சி, அல்லது அவர்களிடம் பயிற்சி பெறுபவர் தவிர வேறு யாரும் பிரசவம் பார்ப்பது, அவசர நிலை நீங்கலாக, அங்கே குற்றம். இதற்கு வித்திட்டது 1902ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம். அதற்கு முன் இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்ளலாம். பட்டம் கட்டாயமானது வெகு பின்னால், 2008இல்தான். ஆண்களுக்கு இந்தத் தொழிலில் முழுமையாகக் கதவு திறந்ததோ 1983இல்.

செலவும் சாதாரணமல்ல. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவிக்கு 2025-26இல் ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்டு வரை. 2020 முதல் அரசு ஆண்டுக்கு 5,000 பவுண்டு திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையாகத் தருகிறது. இரவு ஷிப்டுக்குச் சம்பளம் இல்லாமல் போய்வருகிறவருக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி.

தமிழில் ‘மருத்துவச்சி’ என்ற சொல்லே மருத்துவம் பார்ப்பவள் என்றுதான் பொருள்படும். ஆனால் இந்தியாவில் அவருக்கென்று தனி வாசல் கிடையாது. நர்சிங் பட்டம் முடித்தவர் செவிலியர், மருத்துவச்சி என இரண்டாகவும் பதிவு செய்துகொள்கிறார். பேறுகாலப் பணியில் மட்டும் தேர்ச்சி பெற்றவர்களை உருவாக்க ஒன்றிய அரசு 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பயிற்சி 18 மாதம். நர்சிங் முடித்தவர்களுக்கு மட்டும். ஆகவே பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவச்சியாக ஆசைப்படும் பெண், இங்கே முதலில் நர்சிங் விண்ணப்பத்தைத்தான் நிரப்ப வேண்டும்.