டிராக்டர் டயர் சீலன்ட் சைக்கிளுக்கு ஆகுமா?

காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறோம். ஏழு மணிக்குள் டீக்கடைகளுக்குச் சர்க்கரையும் டீத்தூளும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிய ஆள் ஏழரை மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருகிறார். முன் சக்கரத்தில் முள். பஞ்சர் கடைக்காரர் எட்டரைக்குத்தான் வருவார். அதற்குள் டீக்கடைக்காரர் எதிர்க்கடையில் சரக்கு வாங்கியிருப்பார். பஞ்சர் ஒட்டும் கூலி சிறு தொகைதான். அதனால் கைமாறிப்போகும் வாடிக்கைக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

குமராட்சிப் பக்கம் கடை நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரம் - காட்டுமன்னார்கோயில் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வாய்க்கால் கரையும் வண்டிப்பாட்டையும்தான். தோட்டத்துக்கு வேலி, அடுப்புக்கு விறகு எல்லாம் சீமைக் கருவேல முள். விறகுக் கட்டு போன வழியெல்லாம் முள் சிந்திக் கிடக்கும். அறுவடை முடிந்து தரை காய்ந்தால் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். மாசியிலிருந்து ஆனி வரை பஞ்சர் கடைக்குத்தான் நல்ல வியாபாரம்.

இந்தத் தொல்லைக்கு நம் உறுப்பினர் ஒருவர் கண்ட வழியை இங்கே எழுதுகிறோம். டயர் தடிமனாக இருந்தால் முள் ஏறாது என்று நினைத்து, மலைப்பாதைக்கென்று செய்யப்படும் பருத்த டயர் சைக்கிள் ஒன்றை அவர் வாங்கினார். கருவேல முள்ளுக்கு அதுவும் தப்பவில்லை. டிராக்டர் வைத்திருக்கும் உறவினர் வீட்டில், டயருக்கு ஊற்றியதுபோக மீதமிருந்த சீலன்ட் கேனைப் பார்த்தார். 'டிராக்டர் டயரைக் காப்பாற்றுவது சைக்கிள் டயரைக் காப்பாற்றாதா?' என்று தோன்றியிருக்கிறது.

கேள்வி நியாயமானது. மேல்நாடுகளில் மலைச்சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இதே யோசனை வந்திருக்கிறது. சைக்கிளுக்கென்று சின்னப் புட்டியில் விற்பதை லிட்டர் கணக்குக்குக் கொண்டுவந்தால் விலை எகிறுகிறது. விவசாய வண்டிகளுக்குப் பெரிய கேனில் வருவது லிட்டருக்குச் சல்லிசு. சில்லறைக்கும் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

எப்படி அடைக்கிறது?

சீலன்ட் இரண்டு வகை. விவசாய டயருக்கு வருவது பெரும்பாலும் கிளைக்கால் என்ற திரவத்தில் நுண்ணிய நாரும் ரப்பர் துகளும் கலந்தது. சக்கரம் சுழலும்போது திரவம் டயரின் தரை தொடும் பக்கம் முழுவதும் பரவி நிற்கும். முள் குத்தினால் வெளியேறும் காற்றே நாரையும் துகளையும் ஓட்டைக்குள் இழுத்துத் திணிக்கிறது. வடிகால் துவாரத்தில் வைக்கோல் போய் அடைப்பதைப் போலத்தான். இந்த வகை சீக்கிரம் காயாது.

இரண்டாவது வகை ரப்பர் பாலில் செய்தது. ஓட்டையில் காற்றுப் பட்டதும் உறைந்து அடைக்கும். டியூப் இல்லாத மலைச்சைக்கிள் டயர்களுக்கு மேல்நாட்டில் அதிகம் ஊற்றுவது இதைத்தான். சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். வெயில் கூடினால் இன்னும் சீக்கிரம். ஆகவே நம் ஊர் வெயிலுக்கும், டியூப் உள்ள சைக்கிளுக்கும் முதல் வகையே கட்டுப்படியாகும். இரண்டையும் ஒரே டயரில் கலக்கக்கூடாது.

முதல் தடவை ஏன் கெட்டது?

நம் உறுப்பினர் முதலில் செய்தது தவறாகிவிட்டது. 'கூட ஊற்றினால் கூடப் பலன்' என்று ஒரு சக்கரத்துக்குக் கால் லிட்டர் ஊற்றினார். டிராக்டர் சீலன்ட் கெட்டியானது. இரவு நிறுத்தி வைத்த சைக்கிளில் அது அடியில் திரண்டு நின்று, காலையில் கிளம்பும்போது சக்கரம் குதித்தது. வால்வும் அடைத்துக்கொண்டது. தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தார். துகள்கள் தனியே பிரிந்து அடியில் தங்கிவிட்டன.

இரண்டாம் தடவை வேறு டியூப் போட்டு, சக்கரத்துக்கு 100 மில்லி மட்டும் அளந்து ஊற்றினார். அந்தக் கோடை முழுவதும் முள்ளால் அவர் சைக்கிள் நிற்கவில்லை. பிறகு டயரைக் கழற்றிப் பார்த்தபோது ஒடிந்த முள் முனைகள் பல உள்ளே இருந்தன. ஆனால் ஒரு நாள் கண்ணாடித் துண்டு டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. அதற்குச் சீலன்ட் பயன்படவில்லை. திரவம் பீறிட்டு வேட்டியைத்தான் நனைத்தது.

இதிலிருந்து தெரிவது: முள், சிறு ஆணி ஆகியவற்றுக்கு இது கேட்கும். கிழிசல், பக்கவாட்டு ஓட்டை, தேய்ந்த டயர், போக் கம்பி முனை குத்துவது ஆகியவற்றுக்குக் கேட்காது.

ஊற்றும் முறை

பழைய மாதிரி சைக்கிளில் வால்வு நட்டைக் கழற்றி, வால்வு டியூப் மாட்டிய கட்டையை உருவிவிட்டால் திரவம் ஊற்றப் போதிய வழி கிடைக்கும். மலைச்சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு. அதன் பின்னைச் சாவி போட்டுக் கழற்ற வேண்டும். வால்வு பக்கவாட்டில், சற்றுத் தாழ இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, சின்னக் குழாய் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். பிறகு வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, ஒட்டியிருப்பது வடிய ஐந்து நிமிடம் விட்டு, வால்வை மாட்டிக் காற்றடியுங்கள். உடனே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டினால்தான் திரவம் பரவும். பின்னால் எப்போது காற்றடித்தாலும் வால்வு மேலே இருக்கட்டும்.

இனி ஒட்டுப் போட நேர்ந்தால், சீலன்ட் இருப்பதைப் பஞ்சர் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவிடாமல் சொல்யூஷன் தடவினால் ஒட்டு பிடிக்காது. அவர் கோபமும் நியாயமே.

இது சைக்கிள் வேகத்துக்குச் சொன்னது. டிராக்டர் மெதுவாக ஓடும் வண்டி. மொபெட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதை ஊற்றாதீர்கள். அந்த வண்டிக்கு உரியது என்று கேனில் அச்சிட்டதையே வாங்குங்கள்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு சைக்கிளுக்கு 200 மில்லி. 5 லிட்டர் கேன் 25 சைக்கிளுக்கு வரும். மாதம் இரண்டு பஞ்சர், ஒன்றுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு மாத முள் பருவத்தில் 400 ரூபாய். கேன் விலையை 25-ஆல் வகுத்து, வருவது இதற்குக் கீழே இருந்தால் ஆதாயம். ஒரே சைக்கிள் வைத்திருப்பவர் முழுக் கேன் வாங்கினால் முதல் முடங்கும். தெருவில் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பிரித்து விற்க ஆசை வேண்டாம்

இங்கேதான் நாம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 2005-06 முதல் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்து வருவதால் வீட்டுக்கு வீடு சைக்கிள் இருக்கிறது. 'கேனை வாங்கி, கால் லிட்டர் பாட்டிலில் பிரித்து விற்றால் நல்ல லாபமாயிற்றே' என்று யாருக்கும் தோன்றும்.

முதலில் சட்டம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் இருக்கின்றன. முன்கூட்டியே அடைத்து விற்பவர் அடைப்பாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொருளின் பெயர், நிகர அளவு, அடைத்தவர் முகவரி, மாதம், வருடம், அதிகபட்சச் சில்லறை விலை எல்லாம் மேலே இருக்க வேண்டும். வெறும் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் அடுக்கினால் தொழிலாளர் துறை ஆய்வாளருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

சட்டத்தைவிடப் பெரியது உயிர். இவற்றில் பலவற்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளைக் கொல்லக்கூடியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்தால் 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சீலன்ட் பச்சையாகவோ நீலமாகவோ நிறம் கூட்டித்தான் வரும். அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி, சர்பத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் ஒரு குழந்தைக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ஆகவே சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கேனும் கம்பெனி லேபிளோடு அப்படியே இருக்கட்டும். அரிசி, எண்ணெய், பருப்பு வைக்கும் அறையில் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு விதிகளும் ரசாயனத்தைத் தனியே வைக்கத்தான் சொல்கின்றன. அளந்த குவளையைச் சமையலுக்கோ எண்ணெய்க்கோ திரும்ப எடுக்காதீர்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைத்துக் காலம் கடத்தாமல், லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

விற்கத்தான் வேண்டும் என்றால், கம்பெனியே அடைத்து முத்திரையிட்ட சின்னப் புட்டிகளை பில்லோடு வாங்கி விற்கலாம். லாபம் சற்றுக் குறையும். இரவில் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

டிராக்டர் சீலன்ட் சைக்கிளுக்கு ஆகுமா என்று கேட்டால், ஆகும் என்பதே நம் பதில்: அளவோடு ஊற்றினால், தண்ணீர் கலக்காவிட்டால், மளிகைச் சாமானுக்குப் பக்கத்தில் வைக்காவிட்டால். வரும் மாசி பிறக்கும் முன்பே கடை சைக்கிளின் டயரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் முதலில் டயரை மாற்றுங்கள். சீலன்ட் அதற்குப் பிறகுதான்.