கூரையில் மின்சாரம், ஆளி யார் கையில்?

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோடு நடந்தால், நாட்டின் மின்சாரத்தையும் தொழிற்சாலைகளையும் பற்றி முடிவெடுக்கும் இடங்கள் ஒரே பகுதியில் இருக்கக் காணலாம். 73/1ஆம் இலக்கத்தில் கைத்தொழில் அமைச்சு, 411ஆம் இலக்கத்தில் லெக்கோ எனப்படும் லங்கா மின்சாரக் கம்பனியின் தலைமையகம், அருகில் சென்ட் மைக்கல்ஸ் வீதியில் மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. இவை மூன்றும் மின்துறையின் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து அவசரமாகத் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இயந்திரங்களைத் தொலைவிலிருந்து இயக்கும் கணினி வலையமைப்புகளை யார் நிர்வகிப்பது, யார் காப்பது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கடந்த சிறிது நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்சாதனத்தில் பட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். ஆனால் ஓரிடத்துப் பழுது ஒரு தீவையே இருட்டாக்கியதற்கு வேறு காரணமும் உண்டு. ஞாயிறு என்பதால் மின்தேவை குறைவு. வெயில் நன்றாக அடித்ததால் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் கனமான சுழலிகள் குறைவாகவே ஓடின. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்து சேர்ந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்தது சித்திரைப் புத்தாண்டு. தொழிற்சாலைகள் மூடியிருக்கும் நாட்கள் அவை. ஏப்ரல் 13 முதல் 21 வரை நாள்தோறும் பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பெரிய மின்நிலையத்தை நிறுத்தக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் உத்தரவு போதும். ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்ட கூரை மின்சாரத்தை நிறுத்தவோ, ஊடகங்கள் வழியே வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே தொலைவிலிருந்து நிறுத்தும் வசதி தேவை என்பதில் சந்தேகமில்லை. அதை எப்படிக் கட்டப்போகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

சுவரில் இருக்கும் பெட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சோலார் பூட்டிய ஒரு வீட்டில் மீற்றருக்குப் பக்கத்தில் பாருங்கள். இன்வேட்டர் பெட்டியின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கருவி செருகியிருக்கும். அது வீட்டு வைஃபையில் இணைந்து, எத்தனை அலகு உற்பத்தியானது என்ற கணக்கைத் தயாரிப்பாளரின் சேர்வருக்கு அனுப்புகிறது. அந்தச் சேர்வர் பெரும்பாலும் வெளிநாட்டில். உங்கள் கைப்பேசியில் தெரியும் வரைபடம் அங்கே போய்த்தான் திரும்பி வருகிறது.

கணக்கு போகும் அதே வழியில் கட்டளையும் வரலாம். மென்பொருளைப் புதுப்பிக்கவும், பழுது பார்க்கவும், சில மாதிரிகளில் உற்பத்தியை நிறுத்தவும்கூட அந்த வழி பயன்படும். அப்படியானால் தொலைதூர ஆளி ஏற்கெனவே இருக்கிறது. நமது கட்டுப்பாட்டு அறையிடம்தான் அது இல்லை. ஒரு வீட்டின் 5 கிலோவாட் நின்றால் யாருக்கும் தெரியாது. பல்லாயிரம் பெட்டிகள் ஒரே நொடியில் நின்றால், பெப்ரவரி 9 மறுபடியும் வரும்.

மற்றவர்கள் பட்ட பாடு

உக்ரேனில் 2015 டிசெம்பர் 23 அன்று ஒரு மின் கம்பனியின் கட்டுப்பாட்டு அறையில் ஊழியரின் கண் முன்னாலேயே திரையில் சுட்டி தானாக நகர்ந்தது. ஒவ்வோர் உப மின்நிலையமாகத் துண்டித்துக்கொண்டு போனது. அவர் மவுஸைப் பிடித்து அசைத்தும் பயனில்லை. மூன்று கம்பனிகளின் ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள். ஊடுருவியவர்கள் மாதக்கணக்காக உள்ளே இருந்திருக்கிறார்கள். அலுவலக மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்புக் கோப்பைத் திறந்ததில் தொடங்கி, திருடிய கடவுச்சொற்களோடு கட்டுப்பாட்டு வலையமைப்புக்குள் நுழைந்திருந்தார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது என்றால், ஊழியர்கள் வாகனமேறி உப மின்நிலையங்களுக்குப் போய்க் கையால் ஆளிகளை மறுபடியும் போட்டதால்தான்.

இந்தியாவின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019இல் நடந்தது வேறு மாதிரி. நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு தனியாக இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. பிரித்து வைத்த சுவர் காப்பாற்றியது.

நமக்கும் பாடம் கிடைத்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் லங்கா அரச மேகக் கணினி மீது நடந்த தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. பழைய மென்பொருள், அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்காமை ஆகிய இரண்டும் சேர்ந்து செய்த வேலை அது. அழிந்தவை கடிதங்கள். மின்கட்டமைப்பில் அதே அலட்சியம் இருந்தால் ஆஸ்பத்திரிகளும் நீர்ப் பம்பிகளும் நின்றுபோகும்.

செய்ய வேண்டியவை

அலுவலகக் கணினியும் ஆளிகளை இயக்கும் கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்கக் கூடாது. வெளியிலிருந்து பழுது பார்க்க வரும் தொழில்நுட்பவியலாளருக்கு வேலை முடியும்வரை மட்டும் கதவு திறக்க வேண்டும். யார் வந்தார், என்ன தொட்டார் என்பது பதிவாக வேண்டும். கணினி கைவிட்டால் கையால் இயக்கத் தெரிந்த ஊழியர்களை வைத்திருக்க வேண்டும்; அந்தப் பயிற்சியைச் செலவென்று வெட்டக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒத்துழைப்பு. தாக்குதல் நடந்தால் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. ஒரு தொழிற்சாலையில் நடந்தது அடுத்த தொழிற்சாலைக்குத் தெரியாவிட்டால், அதே வழியால் அங்கேயும் நுழைவார்கள். கணினித் தாக்குதல்களைக் கையாள 2006 முதல் இயங்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் மின் கம்பனிகளும், சோலார் பூட்டிக் கொடுப்பவர்களும், பெரிய ஆலைகளும் சம்பவங்களை அறிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மின்சார சபையின் பணிகள் பல கம்பனிகளிடையே பிரிக்கப்படுவதால், காவலுக்குப் பொறுப்பு யாருக்கு என்பது ஒவ்வோர் அனுமதிப்பத்திரத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் தொலைதூர ஆளி வீடுகளுக்கு வருவதற்கு முன்பே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இதைச் செய்தாக வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் இன்வேட்டரின் கடவுச்சொல் பூட்டியவர் போட்டதுதானா என்று பாருங்கள். ஆமெனில் இன்றே மாற்றுங்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கெல்லாம் அந்தக் கணக்கில் நுழைய முடியும் என்று பூட்டித் தந்த கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள்.