அப்பாவின் மொரிஸ் மைனரும் மகளின் கைகளும்

காங்கேசன்துறை வீதியில் இணுவிலைக் கடந்து, மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது உடுவில். அங்கே என் பள்ளித் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வேப்பமர நிழலில் அவளுடைய அப்பாவின் மொரிஸ் மைனர் நின்றது. சின்ன வயதில் நாங்கள் பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போன அதே கார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் எங்கள் குடும்பமும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது. புத்தளத்தில் இருந்த காலத்தில் ஊர் நினைவு வந்தால் இந்தக் காரின் 'டுப் டுப்' சத்தமும் கூடவே வரும்.

"இப்ப இதை யார் ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஏலாது. எனக்கு லைசன்ஸ் இருக்கு. ஆனால் இந்த ஸ்டியரிங்கைத் திருப்பி எடுக்க என்ர கை விடுதில்லை. கேற்றுக்குள்ளால எடுக்கிறதுக்குள்ள தோள்மூட்டு கழண்டுபோகுது. அம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோக ஒவ்வொருக்காவும் ஓட்டோ பிடிக்கிறன். பவர் ஸ்டியரிங் போட்டுப் பாக்கப்போறன். சரிவராட்டி காரை வித்துப்போடுவம் எண்டு தம்பி சொல்லுறான்" என்றாள்.

உள்ளே நாற்காலியில் இருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் முகம் மட்டும் வாடிவிட்டது.

சகோதரிகளே! நம்மில் பலர் வீட்டிலும் வாகனம் இருக்கிறது. ஓட்டத் தெரிந்த பெண்ணும் இருக்கிறாள். ஆனாலும் "அது உன்னால் முடியாத வண்டி" என்ற ஒரு சொல்லில் சாவி கைமாறிப் போகிறது. உண்மையில் முடியாதது எது? கையா, வண்டியா? அன்று உடுவிலில் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து லட்சத்தைத் தாண்டி விற்பனையான முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். உற்பத்தி 1971இல் நின்றபோது மொத்தம் பதினாறு லட்சத்துக்கும் மேல் வெளிவந்திருந்தன.

யாழ்ப்பாணத்தில் மைனரும், ஒஸ்டின் ஏ40யும், ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் வீட்டு உறுப்பினர்கள் போலவே வாழ்ந்தன. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதான காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியும் அதில்தான் போனார், மணப்பெண்ணும் அதில்தான் போனாள். இயந்திரம் எளிமையானது, ஊர்க் கராஜிலேயே பழுது பார்க்கலாம். இலங்கையின் காலிப் பகுதியில் செய்யப்பட்ட மைனர் உதிரிப்பாகங்கள், அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானதும் உண்டு.

முதலில் காற்றைப் பாருங்கள்

தோழி ஒரு வயதான மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் வந்ததும் பவர் ஸ்டியரிங் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பிள்ளை, கடைசியா எப்ப டயருக்குக் காத்து அடிச்சனீங்கள்?"

தோழி விழித்தாள். கார் மாதக்கணக்கில் நிழலிலேயே நின்றிருந்தது. முன்சில்லுகள் இரண்டும் பாதி இறங்கிக் கிடந்தன. காற்றுக் குறைந்த டயர் தரையோடு அதிக இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைத் திருப்பக் கை வலிக்கும். போதாததற்கு, பழைய ஒடுங்கிய டயரைக் கழற்றிவிட்டு அகலமான டயர் போட்டிருந்தார்கள். அழகாக இருந்தது, கனமும் கூடியது.

அடுத்ததாக அவர் காரை ஜக்கில் தூக்கி முன்சில்லைப் பிடித்து ஆட்டினார். மைனரில் முன்சில்லைத் தாங்கி, அதைத் திரும்பவும் விடுவது ட்ரனியன் என்ற திருகுமூட்டு. மேலும் கீழுமாக ஒரு பக்கத்துக்கு இரண்டு. இவற்றுக்குக் கிரீஸ்தான் உயிர். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் நீண்ட காலம் உழைக்கும். அடிக்காவிட்டால் இறுகும், தேயும். நன்றாகத் தேய்ந்துபோனால் ஒருநாள் திருகு விட்டுக்கொடுத்து, சில்லு காரின் அடியில் மடிந்துவிடும்.

அவர் நிமிர்ந்து சொன்னார்: "இந்தப் பக்கம் கீழ் மூட்டு முடிஞ்சுபோச்சு. கனக்குது கனக்குது எண்டு கார் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு. இதுக்கு மேல மோட்டரைப் பூட்டியிருந்தால் கனமும் தெரியாது, தேய்வும் தெரியாது. அம்மாவை ஏத்திக்கொண்டு போகேக்க சில்லு மடிஞ்சிருக்கும்."

தோழி பேசாமல் நின்றாள். எனக்கும் உடம்பு சில்லிட்டது.

பவர் ஸ்டியரிங் எப்படி உதவுகிறது?

அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களிலேயே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கைச் செய்து காட்டினார். ஆனால் 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில்தான் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இந்த வகைக்கு எஞ்சினில் பெல்ட்டோடு ஒரு பம்ப் வேண்டும், எண்ணெய்க் குழாய்கள் வேண்டும். மைனர் போன்ற சின்னக் காரில் அது பெரிய வேலை.

1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ காரில் மின்சார பவர் ஸ்டியரிங் வந்தது. பழைய கார்களுக்கு இதுவே பொருத்தம். ஸ்டியரிங் தண்டின் நடுவில் ஒரு சிறு மோட்டார் அமர்கிறது. உங்கள் கை திருப்பும் விசையை ஓர் உணர்கருவி அளக்கிறது. மோட்டார் அதே திசையில் கைகொடுக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் காரின் தோற்றம் மாறாது. மோட்டார் நின்றுபோனாலும் தண்டு சில்லோடு இணைந்தே இருக்கும். பழையபடி கனக்கும், அவ்வளவுதான்.

பொருத்துமுன் கவனிக்க வேண்டியவை

மின்சாரம்: பழைய மைனரின் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே சுமார் 22 அம்பியர்தான் தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் கிடைக்காது. காரைப் பார்க் பண்ணும் அந்த நேரத்தில்தான் மோட்டாருக்கு அதிக மின்சாரம் வேண்டும். ஆகவே ஆல்டர்னேற்றர் அவசியம். பல மைனர்களில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். அதையும் மாற்றியாக வேண்டும். மோட்டாருக்குத் தடித்த வயரும் தனி பியூஸும் வேண்டும்.

இணைப்பு: கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் கார்களின் கழற்றிய பாகங்கள் கிடைக்கும் என்று வாங்கிவந்து, தெருவோரத்தில் வெல்டிங் வைத்து ஒட்டாதீர்கள். ஸ்டியரிங் தண்டு குடும்பத்தின் உயிர் தொங்கும் இடம். பல் வெட்டிய சரியான மூட்டுகளை, அந்த வேலை தெரிந்தவரே பொருத்த வேண்டும்.

அளவு: புதிய காரில் வேகம் கூடக்கூட மோட்டாரின் உதவி தானாகவே குறையும். பழைய காரில் அந்தத் தகவலைச் சொல்ல ஆள் இல்லை. உதவியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுள்ள வகையைக் கேளுங்கள். நீண்ட வீதியில் ஸ்டியரிங் பஞ்சுபோல் இருப்பது ஆபத்து.

மேலும் இரண்டு: கழற்றிய பழைய தண்டைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். மாற்றம் செய்ததைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

சாவி கைமாறியது

தோழி அவசரப்படவில்லை. முதலில் மூட்டுகளை மாற்றினாள், பழைய அளவு டயருக்குத் திரும்பினாள், கிரீஸ் அடித்தாள். கார் நிற்கும்போது ஸ்டியரிங்கை முறிக்காமல், மெல்ல உருளவிட்டுத் திருப்பவும் பழகினாள். பாதிக் கனம் அப்போதே போய்விட்டது. மீதிப் பாதிக்கு, தோள்வலி இருந்ததால், சில மாதம் காசு சேர்த்து மின்சார ஸ்டியரிங் போட்டாள்.

அடுத்த முறை நான் போனபோது அவளே காரைப் பின்னால் எடுத்துக் கேற்றுக்கு வெளியே கொண்டுவந்தாள். முன்சீட்டில் அம்மா, பின்சீட்டில் நான். உடுவில் மகளிர் கல்லூரிப் பக்கமாகப் போனோம். 1824இல் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி அது. பெண்ணுக்கு ஏட்டைக் கொடுப்பதா என்று ஊர் தயங்கிய காலம். இன்று அந்தத் தயக்கம் யாருக்கும் இல்லை.

திரும்பி வந்ததும் அப்பா வாசலில் நின்றார். காரைச் சுற்றிவந்து, முன்சில்லைக் குனிந்து பார்த்தார்.

"காத்துக் காணும்" என்றார். பிறகு, "வாற கிழமை என்னையும் ஒருக்கா ஏத்திக்கொண்டு போ பிள்ளை" என்றார்.

சகோதரிகளே! உங்கள் வீட்டு வண்டி கனத்தால் உங்கள் கைகளைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். குறையைத் தீர்த்துவிட்டு, அதன் பிறகு உதவியைத் தேடுங்கள்.